மலை ஏரியில் படகு எஞ்சின்: உயரம், குதிரைத்திறன், புரொப்பல்லர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்த, படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினை மலைக்கு ஏற்றிக்கொண்டு போனவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் சந்தேகப்படுகிறார்கள். முதலில் எஞ்சின் மீது, அடுத்து பெட்ரோல் மீது, பிறகு விற்ற கடைக்காரர் மீது. புரொப்பல்லரை யாரும் சந்தேகிப்பதில்லை. படகு எஞ்சின் பழுதுபார்ப்பதே தொழில் என்பதால் இந்தக் கேள்விகள் எனக்குத் தொலைபேசியில் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். கணக்குகளுக்கு ஊட்டி ஏரியை எடுத்துக்கொண்டிருக்கிறேன்; அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம்.

கடலில் நன்றாக ஓடிய எஞ்சின் ஊட்டியில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. அதற்கு மூச்சுத் திணறுகிறது, அவ்வளவுதான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1,013 மில்லிபார். ஊட்டி உயரத்தில் அது 770 மில்லிபாரை ஒட்டி இருக்கும். பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் வரும் காற்றின் கொள்ளளவு அதேதான், எடை குறைவு. எடை குறைந்தால் ஆக்சிஜன் குறைவு, எரிக்க முடிகிற பெட்ரோலும் குறைவு, தண்டுக்கு வரும் விசையும், அதாவது குதிரைத்திறனும், குறைவு.

எஞ்சினைப் பிரிக்கும் முன் ஒன்றைச் செய்யுங்கள். அதே எஞ்சின், அதே படகு, அதே ஆட்கள் எண்ணிக்கையுடன் கீழே நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடியது, மேலே எத்தனை சுற்று ஓடுகிறது என்று எழுதிப் பாருங்கள். அடுத்த பதில்களில் சொல்லும் அளவுக்குள் வித்தியாசம் இருந்தால் ஸ்பேனரை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

எவ்வளவு குறையும்? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி) இல்லாத சாதாரணப் பெட்ரோல் எஞ்சினுக்கு, 300 மீட்டர் ஏற ஏற ஏறக்குறைய 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஹோண்டாவின் சிறிய ஜி.எக்ஸ். வகை எஞ்சின்களின் கையேட்டில் 3.5 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். 3 சதவீதக் கணக்கில் மேட்டூர் அணையில் இழப்பு கண்ணுக்கே தெரியாது. அதன் முழுக் கொள்ளளவு நீர்மட்டமே கடலுக்கு மேல் சுமார் 240 மீட்டர்தான். மூணாறு மாட்டுப்பெட்டியில் 16 அல்லது 17 சதவீதம், நுவரெலியா கிரெகரி ஏரியில் 18 அல்லது 19, ஊட்டியில் 22. தென் அமெரிக்காவின் டிட்டிகாகா ஏரி 3,812 மீட்டரில் இருக்கிறது. அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

காற்றின் அடர்த்தி குறைவதைவிட விசை சற்றுக் கூடுதலாகவே குறைகிறது. காரணம், எஞ்சினுக்குள் இருக்கும் உராய்வு மலைக்குப் போனாலும் குறைவதில்லை. வருமானம் குறைந்தும் வாடகை அப்படியே நிற்கிற நிலை அது. இன்னொன்று: எஞ்சின் மேல் ஒட்டியிருக்கும் குதிரைத்திறன், 25 டிகிரி வெப்பத்தில், கடல் மட்டத்தை ஒட்டிய அழுத்தத்தில் அளந்தது. மே மாதம் 38 டிகிரியில் சென்னைக் கடலில் ஓட்டினாலே அதில் 4 சதவீதம் போய்விடுகிறது. ஆகவே ஊட்டியில் ஏற்படும் இழப்பை ஒட்டுத்தாளோடு ஒப்பிடாமல், கீழே உண்மையில் கிடைத்ததோடு ஒப்பிடுங்கள்.

காற்று குறைந்தால் எஞ்சினுக்குத்தானே பாதிப்பு? புரொப்பல்லரை எதற்கு மாற்றச் சொல்கிறீர்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மலையில் காற்றுதான் மெலிகிறது, தண்ணீர் மெலிவதில்லை. 5,500 சுற்றில் அந்தப் புரொப்பல்லரைச் சுற்றவைக்கக் கடலில் எவ்வளவு முறுக்குவிசை வேண்டியிருந்ததோ, ஏறக்குறைய அதே அளவு ஊட்டியிலும் வேண்டும். கொடுக்க வேண்டிய எஞ்சினிடம் அது இல்லை. ஆகவே சுற்று இறங்குகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் போய் நிற்கிறது.

புரொப்பல்லர் கேட்கும் முறுக்குவிசை சுற்று வேகத்தின் இருமடியாக ஏறுவது. எஞ்சினின் முறுக்குவிசை 100-லிருந்து 78 ஆனால், 5,500 சுற்று சுமார் 4,850-க்கு இறங்கும். இப்போது பாருங்கள்: முறுக்குவிசையிலும் இழப்பு, சுற்றிலும் இழப்பு. விசை என்பது இரண்டையும் பெருக்கி வருவது. 40 குதிரைத்திறன் எஞ்சின் சரியான சுற்றில் ஓடினால் ஊட்டியில் 31 கொடுத்திருக்கும். பழைய புரொப்பல்லரோடு அது 27, 28-லேயே நின்றுவிடும். 40-லிருந்து 31-க்கு இறங்கியது மலையின் வேலை. அதற்குக் கீழே போனது புரொப்பல்லரை மாற்றாததால். முதல் இழப்பை யாராலும் தடுக்க முடியாது, இரண்டாவதைத் தடுக்கலாம். சைக்கிளில் மேட்டில் ஏறும்போது கியரைக் குறைக்கிறோம் அல்லவா, பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பல்லரும் அதைத்தான் செய்கிறது.

புரொப்பல்லரில் 13 x 17 என்று பொறித்திருக்கிறது. அதில் எது எது?

முதல் எண் விட்டம்: இறக்கைகள் சுற்றும்போது வரையும் வட்டத்தின் குறுக்களவு, அங்குலத்தில். இரண்டாவது பிட்ச்: வழுக்கல் இல்லாமல் இருந்தால் ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. தண்ணீரில் வழுக்கல் இல்லாமல் எதுவும் நகராது என்பதால் அந்தப் பதினேழு அங்குலம் ஒருபோதும் முழுதாகக் கிடைப்பதில்லை.

பொறித்த எண் நடுப்பகுதியான ஹப்பின் பக்கவாட்டிலோ, இறக்கையின் அடிப்பகுதியிலோ இருக்கும். பழைய புரொப்பல்லரில் பெயின்டும் பாசியும் மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். தட்டி நிமிர்த்திய புரொப்பல்லர் என்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். ஒவ்வொரு இறக்கையும் ஒவ்வொரு பிட்சில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எத்தனை அங்குலம் குறைக்க வேண்டும்?

பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும். மேலே பார்த்த கணக்கில் 650 சுற்று இறங்கியது. ஆகவே ஊட்டிக்கு மூன்று அங்குலத்தில் தொடங்கி நான்கு வரை போகலாம். 17 பிட்ச் ஓட்டியவர் 14 அல்லது 13. மாட்டுப்பெட்டி, நுவரெலியா உயரத்துக்கு இரண்டு அல்லது மூன்று அங்குலம். 500 மீட்டருக்குக் கீழே உள்ள அணைகளுக்கு எதையும் தொட வேண்டாம்.

இது தொடங்கும் இடம் மட்டுமே. முடிவு செய்ய வேண்டியது சுற்றுகளை எண்ணிக் காட்டும் டாக்கோமீட்டர். உங்கள் எஞ்சின் கையேட்டில் முழு விசைக்கு உரிய சுற்று எல்லை இருக்கும், உதாரணமாக 5,000 முதல் 6,000 வரை. வழக்கமாக ஏற்றும் ஆட்களை ஏற்றி, பாதித் தொட்டி பெட்ரோலோடு, காற்றில்லாத நேரத்தில் முழு விசை கொடுத்தால் அந்த எல்லையின் மேல் பாதிக்குள் முள் வந்து நிற்க வேண்டும். தனி ஆளாக ஓட்டிப் பார்த்துவிட்டு “சரியாக இருக்கிறது” என்று சொல்லி அனுப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எட்டுப் பேர் ஏறியதும் கதை மாறிவிடும்.

பிட்ச் குறைத்தால் வேகமும் குறையத்தானே செய்யும்?

கீழே குறையும், மேலே கூடும். எஞ்சின் தன் முழுச் சுற்றை எட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் பிட்சைக் குறைத்தால் வேகம் போகும். எட்டாமல் திணறுகிற இடத்தில் குறைத்தால், இழந்த சுற்று திரும்ப வருகிறது. அதோடு விசையும் வருகிறது. வழுக்கி ஓடும் வேகப் படகின் வேகம் ஏறக்குறைய விசையின் இருமடி மூலத்தைப் பின்பற்றும். கடலில் மணிக்கு 50 கிலோமீட்டர் போன படகு, ஊட்டியில் சரியான புரொப்பல்லரோடு 44 போகும். பழையதோடு 41, 42.

ஆனால் உச்ச வேகத்தைவிட முக்கியமானது, படகு நீருக்கு மேல் ஏறுமா என்பது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அணியம் (முன்முனை) தூக்கி, அமரம் (பின்முனை) அமுங்கி, ஒரு கட்டத்தில் முழுப் படகும் மேலேறி வழுக்கத் தொடங்கும். அந்த மேட்டைத் தாண்டத்தான் அதிக விசை வேண்டும். கடலிலேயே தட்டுத்தடுமாறி ஏறிய படகு மலையில் அணியத்தைத் தூக்கியபடியே ஏரி முழுவதும் சுற்றி வரும்: பெட்ரோல் குடிக்கும், பின்னால் பெரிய அலை எழுப்பும், ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. பிட்ச் குறைப்பதன் பெரிய பலன் இங்கேதான்.

டாக்கோமீட்டர் இல்லை. காதால் கேட்டே சொல்லிவிடலாமே?

4,800-க்கும் 5,400-க்கும் உள்ள வித்தியாசத்தைத் திறந்த ஏரியில் காதால் சொல்கிறவர்கள் இருக்கலாம். நான் அவர்களில் ஒருவன் இல்லை. ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் அமைப்பைச் சரியாக வைக்க வேண்டும். பல ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் பிளக் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விடுவதால், பெயரைப் பார்த்து அமைப்பை வைத்தால் மீட்டர் இரண்டு மடங்கு காட்டும். சும்மா ஓடும்போது 1,800 என்று காட்டினால் அது உண்மையில் 900 என்று புரிந்துகொள்ளுங்கள்.

புரொப்பல்லர் மாற்றியாகிவிட்டது. கரும்புகை மட்டும் நிற்கவில்லை. ஏன்?

பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள எஞ்சின் என்றால் எதிர்பார்க்க வேண்டியதுதான். காற்று மெலிந்திருக்கிறது என்பது கார்புரேட்டருக்குத் தெரியாது. காற்று குறையும் அதே விகிதத்தில் பெட்ரோலை அது குறைப்பதில்லை. காற்றின் அடர்த்தி ஐந்தில் நான்காகக் குறையும் ஊட்டியில் கலவை ஏறக்குறைய 12 சதவீதம் செறிவாகிவிடுகிறது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கீழே ஓடும்போது பீங்கானின் நுனி காப்பித்தூள் நிறத்தில் இருந்திருக்கும். இப்போது விரலில் ஒட்டும் கரி. சும்மா ஓடும்போது எஞ்சின் குலுங்கி நின்றுபோவதும், சூடான எஞ்சின் மறுபடி கிளம்ப அடம்பிடிப்பதும் இதனால்தான்.

இதற்கு மருந்து சிறிய மெயின் ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பாகம். 12 சதவீதத்தைச் சரிசெய்ய ஜெட் துளையின் விட்டத்தில் 5, 6 சதவீதம் குறைந்தால் போதும். துளையின் பரப்புதான் கணக்கு. பல நிறுவனங்களின் சர்வீஸ் கையேட்டில் எந்த உயரத்துக்கு எந்த ஜெட் என்று அட்டவணையே இருக்கும். ஜெட் எண் போடும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்குப் பொருத்தாதீர்கள். ஜெட் மாற்றுவதால் காற்றின் இழப்பு திரும்பி வராது. செறிவான கலவையால் கூடுதலாகப் போன விசையும் பெட்ரோலும் திரும்பும்.

பழைய ஜெட் துளையை ஈயப் பற்றவைப்பால் அடைத்து, ஊசியால் மறுபடி துளைக்கும் கைவைத்தியம் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. செய்யாதீர்கள். ஜெட் விலை குறைவு, பிஸ்டன் விலை அதிகம்.

சீசன் முடிந்து எஞ்சினைக் கீழே கொண்டுபோகிறோம். ஜெட்டை அப்படியே விட்டால் என்ன?

மலையில் ஜெட் மாற்றாமல் விட்டால் புகைதான் வரும். கடலுக்கு இறங்கும்போது மாற்றாமல் விட்டால் எஞ்சின் போய்விடும். சிறிய ஜெட்டோடு அடர்ந்த காற்று சேர்ந்தால் கலவை நீர்த்துப்போகும், எரிப்பு சூடாகும், பிஸ்டன் உருகத் தொடங்கும். பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக்கில் ஆபத்து இரட்டிப்பு: பெட்ரோல் குறைவாகப் போனால் எண்ணெயும் குறைவாகத்தான் போகும். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ள ஒரு நீண்ட ஓட்டம் போதும்.

புரொப்பல்லருக்கும் இதே விதி. மலைக்குப் போட்ட 13 பிட்சைக் கடலில் போட்டால் எஞ்சின் எல்லை தாண்டிச் சுற்றும். புதிய எஞ்சின்களில் அதைத் தடுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது, பழையவற்றில் இல்லை. மலை ஜெட்டைக் கழற்றியதும் மலைப் புரொப்பல்லரோடு சேர்த்து ஒரே பையில் கட்டி வையுங்கள். எஞ்சின் மூடியின் உட்புறம், எந்த ஜெட் இருக்கிறது என்று மார்க்கரால் எழுதுங்கள். அடுத்து அதைத் திறக்கும் மெக்கானிக் நீங்களாக இல்லாமல் போகலாம்.

இன்ஜெக்ஷன் எஞ்சின் வாங்கினால் உயரத்தைப் பற்றியே கவலைப்பட வேண்டாம் என்கிறார்களே?

பாதி உண்மை. கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் எஞ்சினில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதைப் பார்த்து, பெட்ரோலைக் கணினிப் பெட்டி தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே கரும்புகை, ஜெட், இறங்கும்போது மாற்றும் கவலை எதுவும் இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை ஏறி இறங்குபவர்களுக்கு இதற்காகவே இன்ஜெக்ஷனைப் பரிந்துரைப்பேன்.

இல்லாத காற்றைச் சென்சாரால் உண்டாக்க முடியாது. 22 சதவீதம் இதிலும் போகும். புரொப்பல்லரும் மாற்றத்தான் வேண்டும். புகை வராததால் “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று நினைத்துப் பழைய புரொப்பல்லரோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் இன்ஜெக்ஷன் வைத்திருப்பவர்கள்தான்.

டீசல் எஞ்சினுக்கு?

டர்போ இல்லாத டீசல் மலையில் நன்றாகவே தடுமாறும். பம்ப் அதே அளவு டீசலைத் தள்ளிக்கொண்டிருக்கும், எரிக்கக் காற்று இருக்காது. அமரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கரியோடு இறங்குவார்கள். பம்பில் டீசல் அளவைக் குறைத்து வைக்க வேண்டும். அதைப் பம்ப் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

டர்போ டீசல் கதை வேறு. வெளியே காற்று மெலிந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி அதை ஈடுசெய்யும். ஊட்டி உயரம் வரை பல டர்போ எஞ்சின்களில் இழப்பு சிறிது. ஆனால் சும்மா ஓடும் நிலையிலிருந்து கிளம்பும்போது டர்போ இன்னும் விழித்திருக்காது, அந்தச் சில விநாடிகளுக்கு அதுவும் சாதாரண டீசல்தான். பெரிய பிட்ச் போட்டிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆக்டேன் அதிகமான பெட்ரோல் போட்டால் கொஞ்சம் விசை வருமா?

வராது. எஞ்சினில் தட்டும் சத்தம் வராமல் தடுப்பதுதான் ஆக்டேனின் வேலை. காற்று மெலிவதால் சிலிண்டரில் அழுத்தம் குறைகிறது, தட்டும் சத்தம் வரும் வாய்ப்பும் குறைகிறது. அமெரிக்காவின் மலை மாநிலங்களில் 85 ஆக்டேன் பெட்ரோலே விற்கிறார்கள். கையேடு கேட்கும் சாதாரண பெட்ரோலைப் போட்டுவிட்டு மிச்சப் பணத்தில் ஜெட் வாங்குங்கள்.

எங்களுடையது மெதுவாகச் சுற்றிக்காட்டும் படகு. அதற்கும் இவ்வளவு பாடு தேவையா?

தேவையில்லை, பெரும்பாலும். ஊட்டி ஏரியில் மோட்டார் படகுகள் போகிற நிதான வேகத்துக்கு எஞ்சினின் முழு விசை எப்போதுமே வேண்டியிருப்பதில்லை. நீரைக் கிழித்துக்கொண்டு போகும் மெதுவான படகில் விசை 22 சதவீதம் குறைந்தாலும் வேகம் 8 சதவீதம்தான் குறையும். ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பினால் அதுவும் தெரியாது. கார்புரேட்டர் என்றால் ஜெட்டை மட்டும் பாருங்கள்.

பைக்காரா போன்ற இடங்களில் ஓடும் வேகப் படகு வேறு ரகம். அதில் மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். எதிர்க்காற்றில் முழு ஆட்களோடு கரை திரும்ப வேண்டிய பெரிய படகையும் அந்தப் பக்கமே சேர்த்துக்கொள்ளுங்கள். உயரம் படகின் மிதப்பைக் குறைப்பதில்லை, எத்தனை பேரைத் தாங்கும் என்பது மாறாது. அத்தனை பேரையும் காற்றுக்கு எதிராக இழுக்கும் திறன்தான் மாறுகிறது.

காலையில் பாய்கிறது, மதியம் சோம்பேறியாகிவிடுகிறது. எஞ்சின் சூடாவதாலா?

எஞ்சின் சூடு அல்ல, காற்றின் சூடு. மலையில் காலை 5 டிகிரி, மதியம் 22 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தியில் 6 சதவீதம் வித்தியாசம். அது கிட்டத்தட்ட 600 மீட்டர் மேலே ஏறியதற்குச் சமம். காலை ஆறு மணிக்குப் புரொப்பல்லரைச் சோதித்து முடிவெடுக்காதீர்கள். பயணிகள் வருவது மதியம்தான், அந்த வெப்பத்தில் அளந்தால்தான் அளவு சரி.

மூன்று இறக்கையா, நான்கு இறக்கையா?

ஆட்கள் அதிகம், நீருக்கு மேல் ஏறத் திணறும் படகு என்றால் நான்கு. பரப்பு கூடுதலாக இருப்பதால் தண்ணீரை விடாமல் பிடிக்கும், குறைந்த வேகத்திலேயே படகை வழுக்கும் நிலையில் தாங்கும். ஆனால் அதே பிட்சில் நான்கு இறக்கை போட்டால் 50, 100 சுற்று இறங்கும். ஆகவே முன்பு சொன்ன மூன்று அங்குலத்தோடு இன்னும் ஓர் அங்குலம் சேர்த்துக் குறையுங்கள். ஆட்கள் குறைவு, உச்ச வேகம் வேண்டும் என்றால் மூன்றே போதும்.

சுற்று ஏறுகிறது, ஆனால் படகு நகரவில்லை. புரொப்பல்லரைச் சுற்றி நுரை. இதுவும் உயரத்தாலா?

உயரத்துக்கும் இதில் சிறு பங்கு உண்டு. இறக்கையின் பின்புறத்தில் அழுத்தம் மிகவும் குறையும்போது தண்ணீர் அங்கேயே ஆவிக் குமிழ்களாகி உடைகிறது. அதைக் கேவிடேஷன் என்பார்கள். மலையில் மேலிருந்து அழுத்தும் காற்றே குறைவு என்பதால் அது சற்று முன்பே தொடங்கும். கீழே எல்லையில் நின்ற புரொப்பல்லர் மேலே எல்லை தாண்டிவிடலாம்.

இருந்தாலும் முதலில் மற்றவற்றைப் பாருங்கள். இறக்கை விளிம்பில் வெட்டு, வளைவு இருக்கிறதா? எஞ்சின் மிக உயரத்தில் மாட்டப்பட்டு மேற்பரப்புக் காற்றை உறிஞ்சுகிறதா? ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து நழுவுகிறதா? கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிப்பது எளிது: ஹப்பிலும் உள் உருளையிலும் ஒரே நேர்க்கோடாக மார்க்கரால் கீறிவிட்டு, முழு விசையில் ஓட்டிவந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது.

கடலில் உப்புத் தண்ணீர், ஏரியில் நல்ல தண்ணீர். அதற்குக் கணக்கு உண்டா?

கடல்நீர் இரண்டரை சதவீதம் அடர்த்தி அதிகம். ஏரியில் புரொப்பல்லரின் சுமை அந்த அளவு குறையும், படகு சற்று ஆழமாக அமிழும். ஒன்று மற்றொன்றை ஏறக்குறைய அடித்துவிடும். மறந்துவிடலாம்.

புரொப்பல்லர் மாற்றுவதற்குப் பதில் கியரையே மாற்ற முடியுமா?

ஸ்டெர்ன் டிரைவ் எனப்படும், எஞ்சின் உள்ளேயும், புரொப்பல்லரைத் தாங்கும் கால் வெளியேயும் இருக்கும் படகுகளில் முடியும். உயரமான ஏரிகளுக்கென்றே வேறு கியர் விகிதம் கொண்ட கால்கள் உண்டு. அமெரிக்காவில் 1,897 மீட்டரில் இருக்கும் டாஹோ போன்ற ஏரியிலேயே காலம் முழுக்கக் கிடக்கப்போகும் பெரிய படகுக்கு அது நல்ல வழி. பெரிய விட்டப் புரொப்பல்லரை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றை மீட்கலாம். 40 குதிரைத்திறன் அவுட்போர்டுக்கு அது வீண்செலவு.

மின்சார மோட்டாருக்கு உயரம் பாதிப்பா?

காற்றை எரிக்காததால் விசை குறைவதில்லை. கீழே பொருந்திய புரொப்பல்லர் மேலேயும் பொருந்தும். கவனிக்க வேண்டியது பேட்டரி: குளிர்ந்த காலையில் அதன் கொள்திறன் குறையும். நிதானமாக ஓடும் மலை ஏரிப் படகுகளுக்கு இனி மின்சாரம்தான் பொருத்தம் என்பது என் கருத்து.

அந்தக் காலத்தில் டிட்டிகாகாவில் நீராவிக் கப்பல் ஓடியதாமே. அது எப்படி முடிந்தது?

முடிந்தது, அழகாகவே. பெரு அரசுக்காக 1862-இல் லண்டனில் கட்டப்பட்ட யாவரி என்ற கப்பலைத் துண்டு துண்டாகக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஆண்டிஸ் மலையேற்றி, 1870-இல் ஏரியில் இறக்கினார்கள். லாமாவின் காய்ந்த சாணத்தையே எரித்தார்கள். நீராவி எஞ்சினில் நெருப்பு கொதிகலனுக்குக் கீழே தனியாக எரிகிறது. பிஸ்டனைத் தள்ளுவது நீராவி. காற்று மெலிந்தால் நெருப்புக்கு இழுப்பு குறையும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் வெளிக்காற்றை அளந்து விழுங்க வேண்டிய கட்டாயம் சிலிண்டருக்கு இல்லை. 1914-இல் அதற்கு, சிலிண்டருக்குள்ளேயே எண்ணெய் எரியும் பொலிண்டர் எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார்கள். அதிலிருந்து யாவரியும் நம்மைப் போலக் காற்றை நம்பியே ஓடியது.

கன்னியாகுமரிப் பக்கம் மண்ணெண்ணெயில் ஓட்டிய எஞ்சினை மலைக்குக் கொண்டுபோகலாமா?

நான் வேண்டாம் என்பேன். பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதுதான் அந்த எஞ்சினின் வழக்கம். அதன் அமுக்க விகிதமே குறைவு. மலையில் அமுக்கம் இன்னும் குறைகிறது, குளிரும் சேர்கிறது. மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாமல் வெண்புகையும் கரியும்தான் மிஞ்சும்.

22 சதவீதம் எப்படியும் போகிறது. படகின் தகட்டில் அதிகபட்சக் குதிரைத்திறன் 40 என்று இருந்தாலும் 50 மாட்டிக்கொள்ளலாமா? மேலே அது 40 ஆகத்தானே இருக்கும்?

கணக்கு சரி, முடிவு தவறு. தகட்டில் இருக்கும் எண் விசையை மட்டும் பார்த்துப் போட்டதல்ல. அமரத்தில் எவ்வளவு எடை தொங்கலாம், பின் பலகை எவ்வளவு தாங்கும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. எஞ்சின் மூச்சு வாங்கினாலும் அதன் எடை மலையில் குறைவதில்லை. அதே படகு நாளை விற்கப்பட்டு ஓர் அணைக்கட்டுக்குப் போனால் 50 குதிரையும் முழுதாக வந்து நிற்கும். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பதும் அந்தத் தகட்டைத்தான்.

தகட்டில் 40 என்று இருந்து இப்போது 25 மாட்டியிருக்கிறீர்கள் என்றால், தாராளமாக 40-க்குப் போங்கள். ஏற்கெனவே 40 மாட்டியிருந்தால் 14 பிட்ச் புரொப்பல்லர் போட்டு, ஆட்களில் இருவரைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். அதிலும் ஏறவில்லை என்றால் அந்த ஏரிக்கு வேறு படகுதான் பார்க்க வேண்டும்.